நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே

திங்கள் முதல் வெள்ளி வரை
பாங்கர் நகரத்தில் ஒரு சின்ன அறையில்
மற்றவர்களின் காதுகளைச் சோதிப்பது என் பிழைப்பு.
ஞாயிற்றுக்கிழமை
என் காதுகளை நானே அடைத்துக்கொண்டு
அதன்மேல் தலைக்கவசத்தை இறக்கி
இருபத்தாறு வயது மாஸ்டாவின் கம்பிக் கூண்டுக்குள்
ஒரு காலை விட்டு, மறு காலை மடக்கி
உள்ளே விழுவேன்.
எனக்கு நாற்பத்தொன்பது.
குளிரில் காரும் நானும்
ஒரே மாதிரிதான் முனகுவோம்.

ஆங்கிள்சித் தீவின் மேற்கு ஓரம்.
தடத்தை ஒட்டிக் கடல்.
வேலிக்கு அப்பால் மேயும் ஆடுகள்
எங்களை ஒரு பொருட்டாக மதித்ததில்லை.
இன்று காற்று எந்தப் பக்கம் என்று
கழிப்பறை வரிசையில் நின்று பேசிக்கொள்கிறோம்:
ஒரு கொத்தனார், இரண்டு செவிலியர்,
உருளைக்கிழங்கு வியாபாரி,
விவாகரத்து வக்கீல்,
இட்வால்.

இட்வால் முப்பது வருஷம்
ஸ்லேட் குவாரியில் வெடி வைத்தவர்.
காலையில் என் ஆக்ஸிலரேட்டர் கேபிள் அறுந்தபோது
"என்கிட்ட ரெண்டு இருக்கு" என்று
பெட்டியையே புல்லில் கவிழ்த்தார்.
தலைகீழாய்த் தொங்கி மாட்டியும் கொடுத்தார்.
"ரொம்ப நன்றி" என்றேன்.
"ஆமா, மதியம் மழை வரும்" என்றார்.

அவருடைய செவிப் படம்
மூன்று வருஷமாய் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.
வலது காது பரவாயில்லை.
இடது, நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே,
குவாரி விளிம்பு போல
செங்குத்தாய் விழும் ஒரு கோடு.
கருவி மாட்டினால் கிழவன் மாதிரி இருக்கும்
என்று எழுந்து போனவர்.
வயது எழுபத்திரண்டு.

பந்தயம் பதினைந்து நிமிஷம்.
முன்னால் யார் ஜெயிக்கிறார்கள் என்பது
வேறு ஊர் சமாசாரம்.
என் உலகம்
இட்வாலின் பச்சைக் காரின் பின்பக்கம்.
பதினாலாவது இடம் அவருக்கு,
பதினைந்து எனக்கு.
நேர்ப்பாதையில் ஒட்டுவேன்,
வளைவில் நழுவிப் போவார்.
மறுபடி.
மறுபடி.
பிரேக் மிதி ஊறிய ரொட்டி போல அமுங்கத் தொடங்கியது.
வலப்பக்கம் நுழையப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார்.
நினைத்தாலே சாத்துகிறார்.
மூன்றாம் சுற்றில் வக்கீல் உரசியதில்
அவருடைய இடது கண்ணாடி
ஒற்றை ஒயரில் தொங்கி ஆடியது.

அப்போதுதான்
அந்தக் கோடு எனக்கு நினைவு வந்தது.

நோயாளியின் விவரத்தை
யாரிடமும் சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
சொல்லவில்லை.
ஓட்டினேன்.

கடைசிச் சுற்று. கடலை நோக்கி இறங்கும் இடது வளைவு.
கண்ணாடி இல்லாத பக்கம்,
காது இல்லாத பக்கம்,
என் முன்சக்கரம் அவர் கதவு வரை போய்விட்டது.
முடிந்தது, முந்திவிட்டேன்.
அரை வினாடிதான். அந்தச் சந்தோஷத்தை
இப்போதும் கேவலம் என்று சொல்ல வரவில்லை.
பக்கத்தில் யாருமே இல்லாத மனிதராய்
இட்வால் சாவகாசமாய் உள்ளே திருப்பினார்.

திருப்பியதில் தப்பே இல்லை.

மிதித்தேன்.
காரின் பின்பக்கம் என்னைப் பார்க்க முன்னால் வந்தது.
கடல், டயர் சுவர், ஆடு, கடல்,
பிறகு புல்,
பிறகு எஞ்சின் செத்த அமைதியில்
கவசத்துக்குள் என் மூச்சு மட்டும்.
ஆரஞ்சு உடுப்புக்காரி தூரத்திலிருந்து
கட்டைவிரலை உயர்த்திக் கேட்டாள்.
நானும் உயர்த்தினேன்.
கை நடுங்கியது அவளுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு கோப்பைத் தேநீருடன் வந்தார்.
எப்போதும் போல
வலது காதை என் பக்கம் வைத்து நின்றார்.
"எங்கிருந்து முளைச்ச நீ?
எனக்குக் கேட்கவே இல்லியே, மெரெரிட்."

மூன்று வருஷத்தில்
அவர் வாயிலிருந்து அந்தச் சொல்
முதல் தடவையாக வந்தது.
தெரியும் என்று சொல்ல நாக்கு வரை வந்து
தேநீரோடு விழுங்கினேன்.
சர்க்கரை அதிகம்.

"வியாழக்கிழமை நாலரை மணி காலியா இருக்கு."
"என்ன?"
காற்றோ, காதோ.
இன்னொரு தடவை சொன்னேன், உரக்க.
வக்கீல் கூடத் திரும்பிப் பார்த்தார்.

இட்வால் என் ரேடியேட்டரில் சிக்கிய புல்லை
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் போட்டார்.
வெகுநேரம் கழித்து,
"சரி, அன்னைக்கே கொடுத்துடு" என்றார்,
"என் கேபிளை."